முப்பத்தோராம் நாளுக்கு ஒரு புலம்பல்

1969 ஜனவரி 27

கொழும்பிலிருந்து வாரப்பத்திரிகை ஆசிரியரின் கடிதம் வந்தது. என் வாழ்க்கை வரலாற்றைத் தொடராக எழுதித் தரட்டாம். "கவிதை, நாவல், பயணநூல் மூன்றிலும் பெயர் எடுத்தவர் கண்டிப் பக்கத்தில் நீங்கள் ஒருவர்தான்" என்று எழுதியிருக்கிறார். பெயர் எடுத்தேனாம். நாவல் இன்னும் கட்டுக் கட்டாகக் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது, கறையான் மட்டும் இரண்டாம் அத்தியாயம் வரை வாசித்திருக்கிறது. இருந்தாலும் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கந்தோருக்கு வேலைக்குப் போனேன். பஸ்ஸில் இரண்டு தரம் எடுத்துப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இறங்கி, செல்லப்பாவின் சுருட்டுக் கடையில் போய் இருந்து அவனுக்கும் வாசித்துக் காட்டினேன். இருபது வருஷமாக நான் எழுதியதையெல்லாம் முதலில் கேட்கிற பாவி அவன்தான். கேட்டுவிட்டு, "பென்சன் எடுக்கிறதுக்கு முதலே வரலாறோ?" என்றான்.

வயது ஐம்பத்து மூன்று. எழுதினால் என்ன?

ஜனவரி 31

முதல் அத்தியாயம் ஓடுகிறது. பிறப்பு, பள்ளிக்கூடம், கண்டிக்குக் கிளார்க்காக வந்தது எல்லாம் நன்றாகவே வருகிறது. நடை எனக்கே பிடித்திருக்கிறது.

இன்றைக்கு செல்லப்பா ஒரு மாதிரி இருந்தான். "மயில்வாகனம், உன்ர மனிசி ஞானம் எப்பவாவது உன்னோட கதைக்காமல் இருந்திருக்கிறாவோ?" என்று கேட்டான். ஏன், அவன் பெண்சாதி பாலாம்பிகை கோபமோ என்றேன். "கடையை விட்டுட்டு ஊருக்குப் போய் இருப்பம் எண்டன். அதுக்குத்தான். நேத்துத் தொடக்கம் பேச்சில்லை" என்று சொல்லிச் சிரித்தான். எல்லாம் சரிவரும் என்று சொல்லிவிட்டு நான் அடுத்து எழுதப்போகிற என் இரண்டாம் அத்தியாயத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டேன்.

பெப்ரவரி 2

போயா லீவு. ஞாயிறுக்குப் பதிலாகச் சந்திரனைப் பார்த்து லீவு விடுகிற இந்தப் போயாக் கிழமை முறை வந்த நாள் முதல் இன்றைக்கு என்ன கிழமை என்றே மனிதனுக்குத் தெரிவதில்லை. காலையிலிருந்து எழுதினேன். 1947 வரை வந்தாயிற்று. ஞானம் கதிரையைத் துடைக்கிறேன் என்று இரண்டு தரம் அருகில் வந்து நின்றாள். எட்டிப் பார்க்கிறாளோ என்று தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

பெப்ரவரி 3

செல்லப்பா போய்விட்டான்.

காலை பதினொரு மணி. கடைக் கதிரையில் இருந்தபடியே. சுருட்டு வாங்க வந்த மனுசன் நித்திரை என்று நினைத்துக் காத்துக்கொண்டு நின்றானாம். ஐம்பத்தாறு வயது. கந்தோருக்குச் செய்தி வந்தபோது நான் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன். சீவி முடித்துவிட்டுத்தான் எழும்பினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

பெப்ரவரி 4

தகனம் முடிந்தது. ஞானம் பாலாம்பிகையோடு நிற்கிறாள். நான் தேத்தண்ணி ஊற்றத் தெரியாமல் தண்ணீர் குடித்துவிட்டு இருக்கிறேன். பாலாம்பிகை அழவில்லை. சனம் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

பெப்ரவரி 10

செல்லப்பாவின் தமையன் கணபதி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிற்கிறார். இன்றைக்கு என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். "தம்பி, முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு நீர்தான் பாடவேணும். பிள்ளை குட்டி இல்லாதவன். மனைவி புலம்பலை நல்லா உருக்கமாப் போடும். செத்த வீட்டில அவள் கண்ணீர் விடேல்லை எண்டு ஆக்கள் கதைக்கினம்" என்றார்.

கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவது என்று என் கந்தோரில் இருக்கிற இந்திய வம்சத்து வீரய்யா நினைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்களின் வழக்கம் இது. பதினாறு பக்கப் புத்தகம். செத்தவரின் வரலாறு, வம்சம், போன தலங்கள், பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று ஆளாளுக்குப் பாட்டு. அச்சடித்து, முப்பத்தோராம் நாள் சபையில் வாசித்து, வந்தவர்கள் கையில் கொடுப்பது. அழுகிறவர் சார்பில் புலவர் அழவேண்டும்.

1949 முதல் நாற்பத்தொரு கல்வெட்டுப் பாடியிருக்கிறேன். என் புத்தகப் பட்டியலில் ஒன்றையும் சேர்த்ததில்லை. கொழும்பு ஆசிரியருக்கும் சொல்லவில்லை. இலக்கியகாரன் சாவீட்டுப் பாட்டுப் பாடுகிறான் என்று தெரிந்தால் சிரிப்பார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால் என் தொழில் முழுவதும் அந்தப் பதினாறு பக்கத்துக்குள் இருக்கிறது. வரலாறு ஒரு பக்கம், கதிர்காமம் போன பயணம் ஒரு பக்கம், பாட்டு எட்டுப் பக்கம், மற்றதெல்லாம் கதை.

பெப்ரவரி 13

இரண்டு பின்னேரத்தில் முடித்துவிட்டேன். பச்சை மட்டைக் கொப்பி இருக்கும்போது என்ன கஷ்டம்? அதில் பழைய பாட்டெல்லாம் வகை வகையாக எழுதி வைத்திருக்கிறேன். மனைவி புலம்பல், வயது போனவர். மனைவி புலம்பல், நடுத்தரம். இளம் வயது. இரண்டாம் தாரம் கூட இருக்கிறது. நடுத்தரத்தில் நல்ல ஒன்றை எடுத்து, பெயரை மாற்றி, ஊரை மாற்றி வைத்தேன்.

*அன்னமிட்ட வேளையெல்லாம் அருகிருந்து விசிறினேனே*
*இன்னுமொரு பிடியென்று இரந்திரந்து ஊட்டினேனே*
*பொன்னனைய முகம்பாராப் பொழுதொன்று கண்டிலேனே*
*என்னிறையே எனைத்தவிக்க விட்டெங்கு சென்றீரோ*

சும்மா சொல்லக்கூடாது, ஓசை தேன்தான். அச்சுக்கூடத்து மக்கீனிடம் கொடுத்தேன். அலவத்துகொடையிலிருந்து வந்து பாலத்துக்கு இந்தப் பக்கம் அச்சுக்கூடம் வைத்திருப்பவர். பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஐயா, நீங்க மொத வரியத் தந்தாப் போதும், மிச்சத்த நானே எழுத்துக் கோத்துடுவன். எத்தன வருஷமாக் கோக்கிற." நானும் சிரித்தேன்.

பெப்ரவரி 16

போயா. பிழை பார்க்க மக்கீன் அடித்துத் தந்த புரூவைப் பாலாம்பிகையிடம் கொடுத்தேன். கும்பிட்டு வாங்கினாள். படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். வழக்கமாக யாரும் படிப்பதில்லை, பெயர் சரியா என்று மட்டும்தான் பார்ப்பார்கள்.

பெப்ரவரி 17

எழுதக் கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

பின்னேரம் ஞானம் அங்கிருந்து வந்தாள். கையில் என் புரூவும் இன்னொரு பழைய புத்தகமும். பழுப்பேறின கல்வெட்டு. 1949. பாலாம்பிகையின் தகப்பனார் செத்தபோது நான் பாடியது. அதே கடையை செல்லப்பாவுக்கு முதல் நடத்தினவர். அதுதான் நான் பாடின முதல் கல்வெட்டு. இருபது வருஷமாகத் தன் அலுமாரியில் வைத்திருக்கிறாள். ஏழாம் பக்கத்தைத் திறந்து ஞானம் என் முன்னால் வைத்தாள்.

அன்னமிட்ட வேளையெல்லாம் அருகிருந்து விசிறினேனே.

தாய்க்குப் பாடினதை மகளுக்கும் பாடிவிட்டேன். வரிக்கு வரி. ஒரு அசை மாறவில்லை. கொப்பியிலே ஆருக்கு எழுதினது எண்டு ஒரு குறிப்பாவது வைச்சேனா மடையன்? வைக்கேல்லை. எத்தினை பேருக்கு இதை வித்தனோ.

பாலாம்பிகை கோபமாகக்கூடப் பேசவில்லையாம். "அண்ணையிட்டைச் சொல்லுங்கோ, இந்த அழுகை எனக்கு வேண்டாம்" என்று மட்டும் சொன்னாளாம்.

பெப்ரவரி 18

கந்தோருக்குப் பாலத்தடியால் போகவில்லை. சுற்றிப் போனேன்.

பெப்ரவரி 19

கணபதியிடம் போய், புலம்பல் இல்லாமலே புத்தகத்தை முடித்துவிடுவோமா என்று கேட்டேன். மனுசன் துள்ளி விழுந்தார். "மனைவி புலம்பல் இல்லாத கல்வெட்டோ? அவளுக்கு அவனில விருப்பமில்லை எண்டு நாங்களே அச்சடிச்சுக் குடுக்கிற மாதிரி எல்லோ இருக்கும்." அதுவும் உண்மைதான். சனம் ஏற்கெனவே கதைக்கிறது. புலம்பல் இல்லாவிட்டால் பாலாம்பிகை சாகும்வரை கதை கேட்கவேண்டும். பொய்ப் புலம்பல் என்றால் சபையில் அதைக் கேட்டுக்கொண்டு இருக்கவேண்டும். முப்பத்தோராம் நாள் மார்ச் ஐந்து. இன்னும் இரண்டு கிழமை.

வீட்டுக்கு வந்து ஞானத்தோடு எரிந்து விழுந்தேன். உனக்கென்ன தெரியும், புலம்பலுக்கு ஒரு மரபு இருக்கிறது, எல்லாப் பெண்சாதிமாரும் ஒரே மாதிரித்தான் அழுவார்கள் என்று ஏதோ சொல்லிவிட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை வைத்தாள்.

"முப்பது பெண்டுகளின்ர வாயில இருந்து அழுதிருக்கிறியள். ஒருத்தியிட்டையெண்டாலும் என்ன நடந்தது எண்டு கேட்டனீங்களோ?"

அவள் விடவில்லை.

"பழனி மலை ஏறினது ஆர்?"

அது வேறு. 1962இல் இந்தியாவுக்குப் போனோம். பழனியில் எனக்கு வயிற்றோட்டம், மடத்தில் படுத்துக் கிடந்தேன். அவள் ஏறிவிட்டு வந்து சொன்னாள். என் பயணநூலில் பதினோராம் அத்தியாயம் அதுதான். "ஒவ்வொரு படியிலும் என் கால்கள் கெஞ்சின" என்று தொடங்கும். எல்லாரும் பாராட்டிய அத்தியாயம்.

"ஏறினது நான். கால் நொந்தது உங்களுக்கு. அதையும் விடுவம். இப்ப எழுதுறியளே வரலாறு, அதை வாசிச்சனான். '1947இல் எனக்குத் திருமணம் நடந்தது. அதே ஆண்டு என் முதற் கவிதை அச்சேறியது.' அரை வரி நான், அரை வரி கவிதை. ஊரில இருக்கிற கைம்பெண்டுகளுக்கெல்லாம் எட்டுப் பக்கம் அழுவார், எனக்கு அரை வரி."

கத்தவில்லை. அரிசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு புடைக்கத் தொடங்கிவிட்டாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. என் தாளை ஏன் தொட்டாய் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். கேட்கவில்லை.

பெப்ரவரி 21

புதிதாகப் பாடிப் பார்த்தேன். கொப்பியைத் தொடாமல். வந்ததெல்லாம் கொப்பியில் இருப்பதுதான். இருபது வருஷத்தில் கை அந்தத் தடத்தை விட்டு இறங்க மறந்துவிட்டது. சந்தேகத்தில் என் நாவலை எடுத்துப் புரட்டினேன். கதாநாயகி அழுகிற இடத்தில் அதே அன்னம், அதே விசிறி. கவிதைத் தொகுதியிலும் இருக்குமோ என்று பயத்தில் திறக்கவில்லை.

அப்படியென்றால் நான் எழுதின நான்கு வகையிலும் எது நான் கண்டது, எது கேட்டது, எது கொப்பி?

பெப்ரவரி 23

ஞானம் என்னைப் பாலாம்பிகையிடம் கூட்டிக்கொண்டு போனாள். வழியில், "நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ. அவ சொல்லுவா, கேளுங்கோ" என்றாள். கணபதி வெளியே யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தோம்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று தொடங்கினேன். ஞானம் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டேன். பிறகு பாலாம்பிகை சொன்னாள். முடிந்தவரை அவள் சொன்னபடியே எழுதுகிறேன், மறந்துவிடுவேன்.

"அம்மா, அப்பாவுக்குப் பக்கத்தில இருந்து விசிறினவதான் அண்ணை. நான் கண்ணால கண்டிருக்கிறன். நீங்கள் பாடினது அம்மாவுக்குச் சரி. நான் அப்பிடியில்லை. ஊருக்குப் போய் இருப்பம் எண்டார். நான் இஞ்ச பிறந்து வளர்ந்தனான், அங்க எனக்கு ஆர் இருக்கினம்? நீங்கள் வேணுமெண்டால் போங்கோ எண்டன். அதோட கதை பேச்சு இல்லை. நாலு நாள். சோத்தையும் பாற்சொதியையும் போட்டு மூடி வைச்சிட்டு நான் இந்தக் குசினிக்குள்ள வந்து இருந்திடுவன். அவர் தனியச் சாப்பிடுவார். கோப்பைச் சத்தம் கேக்கும். நாலாம் நாள், 'சொதிக்கு உப்புக் காணாது' எண்டார். எனக்குச் சொன்னாரோ, சுவருக்குச் சொன்னாரோ தெரியாது. உப்புப் போத்தல் இஞ்சதான் இருந்தது. நான் எழும்பேல்லை. பிறகு எனக்கே ஒரு மாதிரிப் போச்சு. நாளைக்குப் பின்னேரம் கதைப்பம் எண்டு உழுந்து ஊறப்போட்டனான். தோசை அவருக்கு விருப்பம். அடுத்த நாள் காலமை கடைக்குப் போட்டார்."

அவ்வளவுதான் சொன்னாள். "அந்த உழுந்தை என்ன செய்தனான் எண்டு எனக்கே ஞாபகமில்லை" என்று கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்.

அவனும் எனக்குச் சொன்னானே. அந்தக் கடையில், என் முகத்துக்கு நேரே சொன்னானே, பேச்சில்லை என்று. நான் இரண்டாம் அத்தியாயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு போய், அருகிருந்து விசிறினாள் என்று பாட்டும் எழுதினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் தேட விருப்பமில்லை.

பெப்ரவரி 24

போயா. விடிய எழும்பி இருந்தேன். 'உப்புக் குறைந்ததென உரைத்தீரே ஒருவார்த்தை' என்று எழுதினேன். எதுகைக்கு 'தப்பு' வந்தது, 'செப்பு' வந்தது. நான்காம் வரியில் அவள் ஓடிப்போய் உப்பைக் கொடுத்துவிட்டாள். பாட்டுக்காக அவளை எழுப்பிவிட்டேன். கிழித்தேன். ஆறு தரம் கிழித்திருப்பேன். ஒவ்வொரு தரமும் ஓசை வருகிறது, அவள் நல்ல பெண்சாதி ஆகிவிடுகிறாள்.

ஞானம் தேத்தண்ணியை வைத்துவிட்டு, "அவ சொன்னபடியே எழுதினால் என்ன குறைஞ்சு போகும்?" என்றாள்.

"பாட்டில்லாத புலம்பல் எங்கேயும் கிடையாது."

"இல்லாட்டி இது ஒண்டு இருக்கட்டும்."

மத்தியானத்துக்குள் எழுதிவிட்டேன். வசனமாகவே. ஒரு பக்கம் கூட வரவில்லை. எழுதினேன் என்று சொல்வதும் சரியில்லை. நேற்று இந்த நாட்குறிப்பில் இருந்ததை எடுத்து, அச்சுத் தமிழுக்கு மாற்றினேன். 'சொதிக்கு உப்புக் காணாது' என்பதை மட்டும் மாற்றவில்லை.

பெப்ரவரி 26

பாலாம்பிகைக்கு வாசித்துக் காட்டினேன். மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள். கடைசியில், "'குசினிக்குள் இருந்து அழுதேன்' எண்டு போட்டிருக்கிறியள். நான் அப்ப அழேல்லை. அதை எடுங்கோ" என்றாள். எடுத்தேன். அந்த ஒரு சொல் நான் சொந்தமாகச் சேர்த்தது.

சபையில் வாசிக்கத்தான் வேண்டுமா, யோசித்துப் பார் தங்கச்சி என்றேன். ஆட்கள் என்ன சொல்வார்களோ. "இப்ப மட்டும் சொல்லாமலோ இருக்கினம்? அவருக்கு இதைச் சொல்ல எனக்கு வேற இடமில்லை அண்ணை. பெரியத்தானுக்கு மட்டும் முதல்ல காட்டாதேங்கோ" என்றாள். கணபதியைத்தான் சொன்னாள்.

மார்ச் 1

அச்சுக்கூடம். மக்கீன் பக்கத்தைக் கோத்து வைத்திருந்தார். என்னைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றினார். "ஐயா, இதக் கோக்கிற நேரம் கை நின்டு போச்சு. ஊட்டுக்குப் போய் எங்கட ஆளோட ரெண்டு வார்த்த பேசிட்டு வந்துதான் மிச்சத்தக் கோத்தன்." நீங்களும் சண்டையோ என்றேன். "அது நமக்குள்ள விஷயம் ஐயா" என்று சொல்லிவிட்டு மெஷினைத் துடைக்கப் போய்விட்டார்.

பக்கத்தின் அடியில் யார் பெயர் என்று கேட்டார். மற்றப் பாட்டெல்லாம் 'இயற்றியவர் மயில்வாகனம்'. இந்தப் பக்கத்துக்கு?

உண்மையைச் சொன்னால் என் பெயரைப் போட ஆசையாக இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் எழுதியதில் நல்ல பக்கம் இதுதான் என்று எனக்குத் தெரிகிறது. ஒரு துண்டில் என் பெயரை எழுதிக்கொடுத்தேன். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து அதை வாங்கிக்கொண்டு, 'பாலாம்பிகை' என்று எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 5

முப்பத்தோராம் நாள். காலையில் மகாவலிக் கரையில் கிரியை முடிந்தது. பத்து மணிக்கு வீட்டில் சபை. ஊரிலிருந்து வந்தவர்கள், கண்டிக் கடைக்காரர்கள், நாற்பது ஐம்பது பேர்.

வரலாறு வாசித்தேன். வம்சம் வாசித்தேன். கதிர்காமம் போனது வாசித்தேன். தலையாட்டினார்கள். மனைவி புலம்பல் என்றவுடன் பெண்கள் சேலைத் தலைப்பை எடுத்து ஆயத்தமானார்கள். நான் இராகம் எடுக்காமல் வாசிக்கத் தொடங்கியதும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "நான்கு நாள் உங்களோடு கதைக்கவில்லை" என்ற இடத்தில் ஒரு முணுமுணுப்பு. "சொதிக்கு உப்புக் காணாது என்றீர்கள்" என்றபோது பின்னால் யாரோ சிரித்தே விட்டார்கள்.

கணபதி எழும்பினார். "என்ன தம்பி இது? வீட்டுச் சண்டையைச் சபையில வாசிக்கிறீரோ? நிப்பாட்டும்."

நான் நிறுத்தினேன். நிறுத்தியிருக்கக் கூடாது. பயந்துவிட்டேன்.

பெண்களின் நடுவில் இருந்து பாலாம்பிகை, "அது நான் சொல்லி எழுதுவிச்சது பெரியத்தான். மிச்சத்தையும் வாசியுங்கோ அண்ணை" என்றாள். உரத்துச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

வாசித்தேன். "உப்புப் போத்தல் என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. நான் எழும்பவில்லை. ஐந்தாம் நாள் பின்னேரம் கதைக்கலாம் என்று உழுந்து ஊறப்போட்டேன். நீங்கள் காலையில் கடைக்குப் போய்விட்டீர்கள்." அதோடு பக்கம் முடிகிறது. சேலைத் தலைப்புகள் மடியிலேயே கிடந்தன. பிறகு யாரோ ஒரு பெண் எழும்பிப் போய்ப் பாலாம்பிகைக்குப் பக்கத்தில் இருந்தாள். பிறகு இன்னொருத்தி. பாலாம்பிகை அழுதாளா என்று எனக்குத் தெரியாது. அவளை மறைத்துக்கொண்டு இருந்தார்கள்.

சாப்பாட்டுக்கு முன் கணபதி என்னைத் தேடி வந்தார். ஏச வருகிறார் என்று நினைத்தேன். கையில் கல்வெட்டு, அந்தப் பக்கத்தில் விரல்.

"தம்பி, உப்புக் காணாதெண்டு சொன்னவனோ?"

ஓம் என்றேன்.

"சின்னனிலேயே அப்பிடித்தான். அம்மா என்ன வைச்சாலும் அவனுக்கு உப்புக் காணாது. சுவரைப் பாத்துத்தான் சொல்லுவான்." என் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நாற்பத்தொரு கல்வெட்டில் ஒருவர் கூட இப்படி வந்து என்னிடம் நின்றதில்லை.

வெற்றிலை எடுக்கும் இடத்தில் இரண்டு பெண்கள் பாலாம்பிகையிடம், அந்தப் பக்கம் ஆர் எழுதினது என்று கேட்டது என் காதில் விழுந்தது. "நான்தான்" என்றாள். நான் இரண்டடி தள்ளி நின்றேன். வெற்றிலையை மடித்து வாயில் வைத்தேன்.

மார்ச் 6

'நான்தான்' என்று அவள் சொன்னது இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.

மார்ச் 8

பச்சைக் கொப்பியை அடுப்பில் போடப் போகிறேன் என்று ஞானத்திடம் சொன்னேன். "நாடகம் வேண்டாம். பின்பக்கமெல்லாம் வெறுமையாக் கிடக்கு, கடைச் சாமான் எழுதலாம்" என்று வாங்கி வைத்துவிட்டாள். இன்றைக்குப் பார்த்தால் இரண்டாம் தாரத்துப் புலம்பலுக்குப் பின்னால் மல்லி, சீரகம், கருவாடு என்று எழுதியிருக்கிறது.

மார்ச் 11

கொழும்பு ஆசிரியரிடமிருந்து ஞாபகக் கடிதம். அத்தியாயங்கள் எங்கே என்று கேட்கிறார். திருத்தம் இருக்கிறது, தாமதமாகும் என்று பதில் போட்டேன். எவ்வளவு திருத்தம் என்று எழுதவில்லை.

பயணநூல் மறுபதிப்பு வந்தால் பதினோராம் அத்தியாயத்தை மாற்றவேண்டும். வந்தால். யார் போடப் போகிறார்கள்? ஆனாலும் ஞானத்திடம் சொன்னேன். "ஓம் ஓம்" என்றாள். நம்பவில்லை.

மார்ச் 18

போயா. காலைச் சாப்பாடு முடிந்ததும் வரலாற்றுத் தாள்களை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மணையைப் போட்டு எதிரில் இருந்தேன். ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தேழில் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"என்ன, கச்சேரிக் கந்தோர் விசாரணையோ?"

இல்லை, தெரியாமல்தான் கேட்கிறேன் என்றேன். அவள் கீரையை ஒதுக்கிவிட்டு என் கையைப் பார்த்தாள்.

"முதல்ல அந்தப் பேனையை வையுங்கோ. எழுதிக்கொண்டிருந்தால் உங்களுக்குக் காது கேக்காது."

வைத்தேன்.

வைகாசியில் இல்லையாம், ஆனியில்தான் கல்யாணமாம். அதில் தொடங்கினாள். கண்டிக்கு ரயிலில் வந்தபோது கடுகண்ணாவை ஏற்றத்தில் அவளுக்குத் தலைசுற்றி வாந்தி வந்ததும், நான் ஜன்னல் பக்கம் இருந்து கவிதை எழுதிக்கொண்டிருந்ததும். முதல் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க ஒரு சொல்லுத் தமிழ் பேச ஆளில்லாமல் மதிலில் வந்து இருக்கிற காகத்தோடு கதைத்தது. சிங்களம் படித்தது பக்கத்து வீட்டுச் சமையல்காரியிடம் என்பது. என் நாவலைப் பிரதி எடுத்தபோது பிடிக்காத ஒரு அத்தியாயத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் பிரதி பண்ணியது, நான் கண்டுபிடிக்கவே இல்லை என்பது. விளக்கு வைக்கும் நேரம் வரை சொன்னாள். நடுவில் சமைத்தாள், சாப்பிட்டோம், திரும்ப விட்ட இடத்திலிருந்து சொன்னாள்.

முக்கால்வாசி எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமும் நான் அந்த வீடுகளில்தான் இருந்தேன்.